ஊரின் கழகமும் கம்பனியின் கழகமும்: யோக்ககாமா புளூகெல்ஸ் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

விளையாட்டு வரலாறு பெரும்பாலும் வெற்றி தோல்விகளின் வரிசையாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. கிண்ணம் வென்றவர் யார், கோல் அடித்தவர் யார் என்ற வினாக்களுக்கு விடை கூறுவதோடு அது அமைந்துவிடுகிறது. ஆடுகளத்துக்கு வெளியே நின்று அவ்விளையாட்டைத் தாங்கிய பணம் எங்கிருந்து வந்தது, அப்பணம் நின்றபோது எஞ்சியது யாது என்ற வினாக்கள் அருகியே எழுப்பப்படுகின்றன. 1999ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி யப்பானின் பேரரசர் கிண்ணத்தை வென்று, அவ்வெற்றியோடே இல்லாதொழிந்த யோக்ககாமா புளூகெல்ஸ் உதைபந்தாட்டக் கழகத்தின் வரலாறு இவ்வினாக்களைத் தவிர்க்க முடியாதபடி முன்வைக்கின்றது. வென்றுகொண்டிருந்தபோதே அழிந்த கழகம் அது. அதன் முடிவை நிர்ணயித்தது எந்த எதிரணியுமன்று. அதனை வளர்த்த கம்பனிகளின் கணக்கேடே எனலாம்.

கம்பனியும் விளையாட்டும்

புளூகெல்சின் கதையை விளங்கிக்கொள்வதற்கு, யப்பானில் விளையாட்டுக்கும் கம்பனிகளுக்கும் இடையில் நிலவிய உறவை முதலில் நோக்குதல் வேண்டும். இரண்டாம் உலகப் போரின் பின்னர் அந்நாட்டின் பெருங்கம்பனிகள் ஊழியருக்கு ஊதியம் வழங்குவதோடு நின்றுவிடவில்லை. வீட்டு வசதி, மருத்துவ வசதி, பொழுதுபோக்கு ஆகியனவும் கம்பனியின் பொறுப்புகளாயின. கல்வி முடித்து ஒரு கம்பனியிற் சேர்ந்தவர் ஓய்வுபெறும் வரை அங்கேயே பணியாற்றுதல் பெருநிறுவனங்களில் வழமையாயிற்று. கம்பனி ஒரு குடும்பம் என்ற கருத்து இதனடியாக வளர்ந்தது. அக்குடும்பத்தின் பெருமையை வெளியுலகுக்குக் காட்டும் சாதனமாக விளையாட்டு அணிகள் அமைந்தன. 1964ஆம் ஆண்டு ரோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம் வென்ற யப்பானிய மகளிர் கரப்பந்தாட்ட அணியின் வீராங்கனைகளுட் பெரும்பாலோர் நிச்சிபோ என்ற நெசவுக் கம்பனியின் ஊழியராக இருந்தமை இதற்குத் தக்க சான்றாகும்.

உதைபந்தாட்டமும் இதே பாதையிற் சென்றது. யப்பானிய அணியைப் பயிற்றுவிப்பதற்காக 1960ஆம் ஆண்டில் வந்த ஜேர்மானியப் பயிற்றுநர் டெட்மார் கிராமர், நாடளாவிய லீக் போட்டி ஒன்று இன்றி ஆட்டத்தின் தரம் உயராது என வற்புறுத்தினார். அதன் பயனாக 1965ஆம் ஆண்டில் யப்பான் உதைபந்தாட்ட லீக் தொடங்கியது. அதிற் பங்குபற்றிய எட்டு அணிகளும் நிறுவனங்களின் அணிகளே. மிற்சுபிசி, புருக்காவா, ஹிற்றாச்சி, யன்மார், தோயோ கோக்கியோ, யவாட்டா உருக்காலை, தோயோடா நெசவு இயந்திரத் தொழிற்சாலை, நகோயாவைச் சேர்ந்த ஒரு வங்கி என்பனவே அவை. ஆட்டக்காரர் கம்பனியின் சம்பளப் பட்டியலில் இடம்பெற்ற ஊழியர். அலுவலகப் பணியும் பயிற்சியும் அவர்களது நாளைப் பங்கிட்டுக்கொண்டன. இவ்வமைப்பிலிருந்து வந்த வீரர்களைக் கொண்டே 1968ஆம் ஆண்டு மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் யப்பான் வெண்கலப் பதக்கம் பெற்றது.

ஆயினும் இவ்வமைப்பினுள்ளே ஒரு குறைபாடு உறைந்திருந்தது. இவ்வணிகளின் பெயர்கள் கம்பனிகளின் பெயர்கள். அவற்றுள் ஊருக்கு இடமிருக்கவில்லை. மெக்சிக்கோ வெற்றியால் எழுந்த ஆர்வம் தணிந்ததும் பார்வையாளர் தொகை குறைந்தது. 1968இன் பின்னர் 1996 வரை யப்பானிய அணி ஒலிம்பிக் உதைபந்தாட்டத்திற் பங்குபற்றும் தகுதியைப் பெறவில்லை. கம்பனி ஓர் அணியை நடத்தலாம். ஓர் ஊரின் பற்றை அதனால் விலைகொடுத்து வாங்க முடியாது என்பதை அந்நீண்ட இடைக்காலம் உணர்த்தியது.

ஊரிற் பிறந்த கழகம்

இப்பின்னணியில் நோக்குமிடத்து, புளூகெல்சின் தோற்றம் ஏனைய பல கழகங்களின் தோற்றத்தினின்றும் வேறுபட்டதாகும். துறைமுக நகரான யோக்ககாமாவின் நக்கா பிரிவில், 1964ஆம் ஆண்டில், சிறுவருக்கான விளையாட்டுச் சங்கமாக அது தொடங்கியது. கம்பனி எதுவும் அதனைத் தாபிக்கவில்லை. பிரதேச மக்களின் முயற்சியால் வளர்ந்து, படிப்படியாக உயர் பிரிவுகளை நோக்கி அது முன்னேறியது.

உயரச் செல்லுந்தோறும் செலவு பெருகியது. 1979ஆம் ஆண்டில் ஒல் நிப்பொன் எயர்வேஸ் என்னும் விமானக் கம்பனி ஆதரவளிக்க முன்வந்தது. கழகத்தின் பெயர் யோக்ககாமா டிரைஸ்டார் என மாறியது. டிரைஸ்டார் என்பது அக்காலத்தில் அக்கம்பனி சேவையில் ஈடுபடுத்திய பெரிய விமானமொன்றின் பெயருமாகும். 1984ஆம் ஆண்டில் கம்பனியின் பெயரே கழகத்தின் பெயரில் நேரடியாக இடம்பெற்றது. 1985-86ஆம் ஆண்டுப் பருவத்தில் கழகம் லீக்கின் முதற்பிரிவை எட்டியது.

ஆனால் இவ்வுயர்வு உள்முரண்பாடொன்றையும் உடன்கொண்டு வந்தது. கழகத்தைத் தொடங்கி வளர்த்தோர் ஒருபுறம், பணத்தை வழங்கி நிர்வாகத்தைக் கைக்கொண்டோர் மறுபுறம் எனக் கழகம் பிளவுபட்டு நின்றது. 1986ஆம் ஆண்டு மார்ச் மாதம், மிற்சுபிசி அணிக்கு எதிரான பருவத்தின் இறுதி ஆட்டம் தொடங்கவிருந்த வேளையில், ஆறு வீரர்கள் ஆட மறுத்து மைதானத்தை விட்டு வெளியேறினர். எஞ்சிய எட்டுப் பேருடன் ஆடிய அணி 6-1 எனத் தோல்வியுற்றது. வெளியேறிய அறுவருக்கும் யப்பானிய உதைபந்தாட்டச் சங்கம் காலவரையறையற்ற தடை விதித்தது.

இச்சம்பவம் வெறும் ஒழுங்கீனமாகவே அன்று கருதப்பட்டது. பின்னர் நிகழ்ந்தவற்றின் ஒளியில் அதனை நோக்கும்போது, பன்னிரண்டு ஆண்டுகளின் பின் வரவிருந்த நெருக்கடியின் முன்னறிகுறியாக அது தோன்றுகின்றது. கழகம் யாருக்கு உரியது என்ற வினா முதன்முதலாக எழுந்தது அன்றுதான். தண்டனையினால் அவ்வினா அடக்கப்பட்டதேயன்றி, அதற்கு விடை கூறப்படவில்லை.

சிறகு முளைத்த காலம்

இரண்டாம் பிரிவுக்கு இறங்கிய அணி மீண்டும் எழுந்தது. 1988-89ஆம் ஆண்டுப் பருவத்தில் முதற்பிரிவில் இரண்டாமிடத்தைப் பெற்றது. இதே காலப்பகுதியில் யப்பானிய உதைபந்தாட்டம் பெருமாற்றமொன்றை எதிர்நோக்கியிருந்தது. தொழில்முறை லீக் ஒன்றை அமைக்கும் முயற்சிகள் முதிர்ந்து, 1993ஆம் ஆண்டு மே 15ஆந் திகதி ஜே லீக் பத்துக் கழகங்களுடன் தொடங்கியது.

ஜே லீக்கின் அடிப்படைக் கொள்கை கருத்தூன்றி நோக்கத்தக்கது. ஒவ்வொரு கழகமும் ஓர் ஊரைத் தாயகமாகக் கொள்ள வேண்டும். பெயரில் ஊர் இடம்பெற வேண்டும். கம்பனியின் பெயர் நீக்கப்பட வேண்டும் என அது விதித்தது. செல்வாக்கு மிக்க யொமியூரி பத்திரிகை நிறுவனம் தனது கழகத்தின் பொருட்டு இதனைக் கடுமையாக எதிர்த்தபோதிலும், லீக் தன் நிலையினின்றும் வழுவவில்லை. கம்பனியின் விளையாட்டை ஊரின் விளையாட்டாக மாற்றுவதே அதன் நோக்கமாயிருந்தது. ஆயினும் மாறியது பெரும்பாலும் பெயரே. தொடக்கத்திலிருந்த பத்துக் கழகங்களுள் சிமிசு எஸ்-பல்ஸ் ஒன்று தவிர, ஏனையவை பழைய லீக்கில் ஆடிய அணிகளின் வழிவந்தவை. அவற்றின் பங்குகளும் நட்டத்தை ஈடுசெய்யும் பொறுப்பும் பெரும்பாலும் தாய்க்கம்பனிகளின் கையிலேயே இருந்தன.

ஒல் நிப்பொன் எயர்வேசும் சாட்டோ கோக்கியோ என்னும் கட்டட நிர்மாணக் கம்பனியும் இணைந்து நடத்திய கழகம், இப்புதிய லீக்கில் யோக்ககாமா புளூகெல்ஸ் என்ற பெயரைத் தாங்கியது. ஜேர்மன் மொழியிற் சிறகு என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து அப்பெயர் வந்தது. கம்பனியின் பெயரை நீக்கிய பின்னரும் விமானத்தின் சாயல் கழகத்தை விட்டு அகலவில்லை என்பதை இது காட்டுகின்றது. அதே நகரில் நிசான் கார்க் கம்பனியின் ஆதரவுடன் மரினோஸ் என்ற பலமான கழகமும் இருந்தது. ஒரே ஊரில் இரு கழகங்கள் இரசிகரைப் பங்கிட வேண்டியிருந்தமையும், தனது ஆட்டங்கள் சிலவற்றை புளூகெல்ஸ் தொலைவிலுள்ள கியூஷு தீவிலும் நடத்தியமையும், ஊருடன் அதற்கிருந்த பிணைப்பு முழுமைபெறத் தடையாயின எனலாம்.

எனினும் ஆடுகளத்தில் அது பெருமைக்குரிய கழகமாகவே விளங்கியது. 1994ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி நடைபெற்ற பேரரசர் கிண்ண இறுதியாட்டத்தில், பயிற்றுநர் காமோ சூவின் வழிகாட்டலில், காசிமா அன்ட்லர்ஸ் அணியை மேலதிக நேரத்தில் 6-2 என வென்றது. அடுத்து ஆசியக் கிண்ண வெற்றியாளர் கிண்ணத்தையும், 1995இல் ஆசிய உன்னதக் கிண்ணத்தையும் கைப்பற்றியது. அவ்வாண்டில் பிரேசிலின் பல்மைராஸ் கழகத்திலிருந்து செசார் சம்பாயோ, சீனியோ, எவயிர் என்னும் மூவர் வந்து சேர்ந்தனர். சீனியோ 1994ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தை வென்ற பிரேசில் அணியில் ஆடியவர். 1996ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கில் பிரேசிலை 1-0 என வென்று உலகை வியக்கவைத்த யப்பானிய அணியின் தலைவர் மயெசோனோ மசக்கியோவும் அப்போது புளூகெல்ஸ் வீரரே. அவ்வாண்டு கழகம் லீக்கில் மூன்றாமிடத்தைப் பெற்றது.

இவ்வெற்றிகள் பெரும் பொருட்செலவில் ஈட்டப்பட்டவை. ஜே லீக் உருவாகிய வேளையில் யப்பானியப் பொருளாதாரத்தின் செயற்கையான வீக்கம் ஏற்கனவே உடைந்திருந்தது. 1989ஆம் ஆண்டு டிசெம்பரில் உச்சத்தைத் தொட்ட ரோக்கியோ பங்குச்சந்தை, 1990இலிருந்து சரியத் தொடங்கியது. நில விலைகளும் தொடர்ந்து வீழ்ந்தன. கடனைப் பெற்றுக் கட்டடங்களை எழுப்பிய நிர்மாணக் கம்பனிகள் இவ்வீழ்ச்சியாற் பெரிதும் தாக்குண்டன. லீக்கின் புதுமைக் கவர்ச்சியும் நீடிக்கவில்லை. 1994ஆம் ஆண்டில் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 19,600 பேர் வரை வந்த மைதானங்களுக்கு, 1997ஆம் ஆண்டில் வந்தோர் ஏறத்தாழ 10,100 பேரே. வரவு பாதியாகக் குறைந்தபோதும் செலவு அவ்வாறு குறையவில்லை. இடைவெளியை நிரப்பியது தாய்க்கம்பனிகளின் பணமே.

1998: வெற்றியும் வீழ்ச்சியும்

1998ஆம் ஆண்டு யப்பானிய உதைபந்தாட்டத்தின் பொன்னாண்டாக அமைந்திருக்க வேண்டியது. மார்ச் மாதத்தில் யோக்ககாமாவில் எழுபதினாயிரம் பேர் அமரக்கூடிய சர்வதேச மைதானம் திறக்கப்பட்டது. யூன் மாதத்தில் யப்பான் முதன்முறையாக உலகக் கிண்ணப் போட்டியில் ஆடியது. அவ்வணியில் புளூகெல்சின் யமகுச்சி மொத்தோகிரோவும் காப்பாளர் நரசாக்கி செய்கோவும் இடம்பெற்றிருந்தனர். பிரான்சில் நடைபெற்ற அவ்வுலகக் கிண்ணத்தின் முதலாவது கோலை ஸ்கொட்லாந்துக்கு எதிராக அடித்தவர் பிரேசிலின் செசார் சம்பாயோ. உலகமே நோக்கியிருந்த அக்கணத்தில் அவர் யோக்ககாமா புளூகெல்ஸ் கழகத்தின் வீரராக இருந்தார்.

ஐந்து மாதங்கள் நிறைவதற்கு முன்னரே நிலைமை தலைகீழாயிற்று. 1997 நவம்பரில் ஹொக்கைடோ தகுஷோக்கு வங்கியும் யமயிச்சி பங்கு வணிக நிறுவனமும் வீழ்ச்சியடைந்ததைத் தொடர்ந்து நிதி நெருக்கடி நாடெங்கும் பரவியிருந்தது. 1998 ஒக்டோபர் 23ஆந் திகதி யப்பானிய நீண்டகாலக் கடன் வங்கி அரசுடைமையாக்கப்பட்டது. ஆறு நாட்களின் பின்னர், ஒக்டோபர் 29ஆந் திகதி, புளூகெல்ஸ் கழகம் மரினோசுடன் இணைக்கப்படவுள்ளது என்ற செய்தி வெளியாயிற்று. சாட்டோ கோக்கியோ பொறுப்பினின்றும் விலகத் தீர்மானித்தமையும், தனித்து நின்று அதனைத் தாங்க விமானக் கம்பனி விரும்பாமையுமே இதன் காரணங்களாகும். நிசானும் அப்போது பெருங்கடனில் மூழ்கியிருந்தது. 1999 மார்ச்சில் பிரான்சின் ரெனோல்ட் கம்பனியுடன் உடன்படிக்கை செய்துகொண்டே அது மீட்சி தேடியது. ஒரு நகரில் இரு கழகங்களை நடத்தும் சுமையை ஒன்றாகக் குறைப்பது இரு தரப்புக் கணக்காளருக்கும் ஏற்புடையதாயிருந்தது.

இணைப்பு என்பது பெயரளவிலேயே இணைப்பாகும். எஞ்சவிருந்த கழகம் மரினோசே. புளூகெல்சின் நினைவாகப் புதிய பெயரில் எஃப் என்னும் ஓர் எழுத்து மட்டும் சேர்க்கப்படவிருந்தது. ஆட்டக்காரரோ இரசிகரோ முன்கூட்டிக் கலந்தாலோசிக்கப்படவில்லை. தமது கழகம் முடிவுக்கு வருவதை வீரர்கள் செய்தி வெளியான வேளையிலேயே அறிந்தனர். ஊரே கழகத்தின் தாயகம் என முழங்கிய லீக்கின் நிர்வாகமும் இத்தீர்மானத்துக்கு இணங்கியது. ஐந்து ஆண்டுகளாக உயர்த்திப் பிடிக்கப்பட்ட கொள்கைக்கும் கணக்கேட்டுக்கும் இடையில் ஒன்றைத் தெரிய நேர்ந்தபோது, கொள்கை வழிவிட்டது. லீக்கின் தரப்பிலும் நியாயமில்லாமலில்லை. பணமின்றி ஒரு கழகம் பருவத்தின் நடுவில் வீழ்ந்திருப்பின் அதன் விளைவு இன்னும் கொடியதாகியிருக்கலாம். ஆயினும் மாற்று வழியொன்றைத் தேடுவதற்கு ஊருக்கு அவகாசம் அளிக்கப்படவில்லை என்ற குற்றச்சாட்டு இன்றும் நிலைத்துள்ளது.

இரசிகர்கள் எதிர்ப்புக் கூட்டங்களை நடத்தினர். வீதிகளிற் கையெழுத்துத் திரட்டினர். கழகத்தைக் காக்க நிதி சேகரித்தனர். கையெழுத்து இயக்கத்தில் வீரர்களும் பங்குகொண்டனர். அறிவிப்பு வெளியாகி இரு நாட்களின் பின்னர் செரெசோ ஒசாக்கா அணியை 7-0 என வென்றனர். அதன்பின் ஆடிய எந்த ஆட்டத்திலும் அவ்வணி தோற்கவில்லை. பருவத்தின் இடையிற் பொறுப்பேற்ற ஜேர்மானியப் பயிற்றுநர் கேர்ட் எங்கல்ஸ் அணியை வழிநடத்தினார்.

எஞ்சியிருந்தது பேரரசர் கிண்ணம். ஒரு முறை தோற்றால் வெளியேற வேண்டிய போட்டி அது. ஏனைய அணிகளுக்குத் தோல்வி ஒரு போட்டியின் முடிவு; புளூகெல்சுக்கோ அது கழகத்தின் முடிவு. ஒவ்வொரு வெற்றியும் கழகத்தின் ஆயுளை அடுத்த ஆட்டம் வரை நீட்டியது. காலிறுதியில் ஜூபிலோ இவாட்டாவை 2-1 எனவும், அரையிறுதியில் அவ்வாண்டின் லீக் வெற்றியாளரான காசிமா அன்ட்லர்சை 1-0 எனவும் வென்றது. முந்திய ஆண்டின் இறுதியாட்டத்தில் புளூகெல்சை 3-0 என வீழ்த்தியதும் அதே காசிமா அணிதான்.

1999 ஜனவரி முதலாந் திகதி ரோக்கியோவிலுள்ள தேசிய மைதானத்தில் நடைபெற்ற இறுதியாட்டத்தில் எதிரணியாக வந்தது சிமிசு எஸ்-பல்ஸ். இச்சந்திப்பு வரலாற்று நோக்கிற் பொருள் பொதிந்ததாகும். தொடக்கப் பத்துக் கழகங்களுள் கம்பனி அணியின் வழிவராது ஊரின் முயற்சியால் எழுந்த ஒரே கழகம் சிமிசு. அதுவும் 1997ஆம் ஆண்டில் நிதி நெருக்கடியால் அழிவின் விளிம்புக்குச் சென்றது. ஊர்மக்களின் கையெழுத்து இயக்கமும், உள்ளூர்க் கம்பனியொன்று பொறுப்பேற்க முன்வந்தமையும் அதனைக் காத்தன. காக்கப்பட்ட கழகமும் கைவிடப்பட்ட கழகமும் அன்று எதிரெதிரே நின்றன. முதலிற் கோல் அடித்தது சிமிசு. குபோயாமா யொசிக்கியோ ஆட்டத்தைச் சமப்படுத்தினார். இரண்டாம் பாதியில் யொசிடா தக்கயுக்கி அடித்த கோல் புளூகெல்சுக்கு 2-1 என்ற வெற்றியையும் கிண்ணத்தையும் ஈட்டித் தந்தது. அதுவே அக்கழகம் அடித்த இறுதிக் கோலாகும்.

கிண்ணத்தை வென்றோர் அடுத்த பருவத்தின் போட்டிகளில் ஆடும் உரிமையைப் பெறுவது வழமை. ஆனால் வென்ற கழகம் இல்லாதொழிந்தமையால், ஆசியக் கிண்ண வெற்றியாளர் போட்டியிற் பங்குபற்றும் இடம் சிமிசுவுக்குச் சென்றது. 1999-2000ஆம் ஆண்டுப் பருவத்தில் சிமிசு அக்கிண்ணத்தை வென்றது.

எஞ்சியவை

கழகம் மறைந்தபின்னும் அதன் வீரர்கள் ஆடுகளத்தில் நிலைத்தனர். நரசாக்கி நகோயா கழகத்திற் பல்லாண்டு காலம் ஆடினார். 1998இல் பாடசாலை முடித்து புளூகெல்சிற் சேர்ந்த எண்டோ யசுகித்தோ, பின்னர் யப்பானுக்காக 152 சர்வதேச ஆட்டங்களில் ஆடிச் சாதனை படைத்து, 2024 ஜனவரியில் ஓய்வை அறிவித்தார். இறுதிக் கோலை அடித்த யொசிடா பயிற்றுநராகி, 2023இலும் 2024இலும் விசல் கோபே கழகத்துக்கு லீக் வெற்றியைத் தேடித்தந்தார்.

கம்பனிகளின் கதை வேறு. சாட்டோ கோக்கியோ 2002 மார்ச்சில் கடன் சுமை தாங்காது நீதிமன்றப் பாதுகாப்பை நாடியது. மூன்று மாதங்களின் பின்னர் யோக்ககாமாவின் அதே சர்வதேச மைதானத்தில் உலகக் கிண்ண இறுதியாட்டம் நடைபெற்றது.

மரினோசுக்கு மாற மறுத்த இரசிகர்கள் தாமே ஒரு கழகத்தை உருவாக்க முற்பட்டனர். சேகரித்த நிதியைக் கொண்டு, உறுப்பினர் சந்தா செலுத்தி நடத்தும் பார்சலோனா கழகத்தின் முறையை முன்மாதிரியாகக் கொண்டு, யோக்ககாமா எஃப்.சி. என்ற கழகம் 1999இல் ஆடத் தொடங்கியது. ஜேர்மானிய வீரராக உலகக் கிண்ணத்தை வென்ற பியர் லிட்பார்ஸ்கி அதன் முதற் பயிற்றுநர். 1999இலும் 2000இலும் யப்பான் உதைபந்தாட்ட லீக்கின் பெயரைப் பெற்ற கீழ்நிலை லீக்கில் முதலிடம் பெற்று, 2001இல் ஜே லீக்கின் இரண்டாம் பிரிவிலும், 2007இல் முதற்பிரிவிலும் அக்கழகம் கால்பதித்தது.

இக்கதையை இத்தோடு நிறுத்தி, மக்கள் சக்தி வென்றது என முடிவு கூறுதல் எளிது. வரலாறு அத்துணை எளிதாக அமையவில்லை. உறுப்பினர் முறை நிர்வாகத்துடன் ஏற்பட்ட முரண்பாடுகளால் நிலைக்கவில்லை. காலப்போக்கில் அக்கழகமும் ஒரு கம்பனியின் பங்குடைமையின்கீழ் வந்தது. தொழில்முறை உதைபந்தாட்டம் கோரும் பணத்தைச் சந்தாவினால் மட்டும் திரட்டல் அரிது என்பது இதனாற் புலனாகின்றது. கம்பனியை முற்றாக விலக்குதல் இயலாது. கம்பனியிடமே முற்றாக ஒப்படைத்தலும் அழிவுக்கு வழிகோலும். இவ்விரண்டுக்கும் இடையில் ஒரு நடுவழியைத் தேடவேண்டிய தேவையை ஜே லீக்கும் பின்னர் உணர்ந்தது. கழகங்களின் நிதிநிலையைப் பரிசீலித்து உரிமம் வழங்கும் முறை 2013ஆம் ஆண்டுப் பருவத்திலிருந்து நடைமுறைக்கு வந்தது. 

சட்டத்தின் பார்வையில் ஒரு கழகம் அதன் பங்குகளை வைத்திருப்போருக்கு உரியது. மழையிலும் வெயிலிலும் மைதானத்துக்கு வந்தோர், சிறுவராயிருந்தபோது அதன் பயிற்சிக் களத்தில் ஓடியோர், நக்கா பிரிவில் அதற்கு முதல் வித்திட்டோர் ஆகியோரின் உரிமையை எந்தப் பங்குப் பத்திரமும் பதிவுசெய்வதில்லை. 1986இல் ஆறு வீரர்கள் வெளியேறியபோதும், 1998இல் இரசிகர்கள் வீதிக்கு வந்தபோதும் எழுந்தது பதிவு பெறாத அவ்வுரிமையின் குரலே. அக்குரல் இருமுறையும் தோற்றது. ஆனால் இரண்டாம் முறை தோற்றபோது, தோற்றோர் கலைந்து போகவில்லை. ஒரு புதிய கழகத்தைத் தோற்றுவித்தனர். கம்பனிகளின் துணையோடு வளரும் எந்தக் கலாசார முயற்சியும், அது விளையாட்டாயினும் நாடகமாயினும் நூலகமாயினும், துணை விலகும் நாளுக்கென ஊரிலும் வேரூன்றியிருத்தல் வேண்டும் என்பதையே புளூகெல்சின் வரலாறு உணர்த்தி நிற்கின்றது.